டரலுக்குச் செதுக்கிய விருது

பாதுகாப்பு விருது யாருக்கு என்று நான் கேட்கவே இல்லை. வணிகர் சங்கத்து க்ளெனிஸ் அவளாகத்தான் சொன்னாள். என் ஷெட்டின் வாசலில் நின்று, அக்ரிலிக் சீவல் செருப்பில் ஒட்டாதபடி கால்களைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டே சொன்னாள்.

"இந்த வருஷம் சைன்போர்டு கடை டரலுக்குங்க. உங்க தொழில்தானே, தெரிஞ்சிருக்குமே?"

"நல்லாத் தெரியும்," என்றேன்.

என் இடது கை மேஜைக்கு அடியில் இருந்தது. புதியவர்களிடம் பேசும்போது அது தானாகவே அங்கே போய்விடும். க்ளெனிஸ் கான்பெராவிலிருந்து வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஊர்க் கதை ஒன்றும் அவளுக்குத் தெரியாது. ஒவ்வொரு விருதுக்கும் ஒரு சின்னம் முடிவு செய்து வைத்திருந்தாள். சிறந்த உணவகத்துக்குக் கோப்பை, சிறந்த பண்ணைக்குக் கதிர், இப்படி. பாதுகாப்பு விருதுக்கு, 'நில்' என்று சொல்வதுபோல விரித்த ஓர் உள்ளங்கை.

"கையை மட்டும் கொஞ்சம் உயிரோட்டமா செஞ்சிடுங்க. நான் கொண்டுவந்த இந்தப் படத்துல ரொம்பக் கையுறை மாதிரி இருக்கு. அது உங்க விருப்பம்."

"என் விருப்பம்னா சரி," என்றேன்.

அவள் கார் உனண்டெரா சாலையில் திரும்பி மறைந்த பிறகு, மெஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்து சிரித்தேன்.

நான் ட்ரயாங்கா. எல்லோருக்கும் ட்ரயா. அப்பா மாசிடோனியாவிலிருந்து வந்து போர்ட் கெம்ப்ளா இரும்பாலையில் உழைத்தவர். நான் பிறந்து வளர்ந்தது கிரிங்கிலா மேட்டில். சில வருடங்களுக்கு முன் டரலின் கடையில் சிஎன்சி ரூட்டர் ஓட்டியது நான்தான். கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் பெரிய மெஷின் அது. கம்ப்யூட்டரில் வரைந்ததை, சுழலும் பிட் அப்படியே வெட்டிக் கொடுக்கும். கூண்டின் கதவைத் திறந்தால் மெஷின் இருந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும். அதற்கென்று கதவு விளிம்பில் ஒரு சுவிட்ச் உண்டு.

ஆனால் தெளிந்த அக்ரிலிக் வெட்டும்போது சீவல் குவிந்துகொண்டே இருக்கும். குவிந்தது பிட்டில் சுற்றினால் சூடேறி உருகி ஷீட்டே பாழ். அதனால் அடிக்கடி கதவைத் திறந்து எடுத்துவிட வேண்டும். திறக்கும்போதெல்லாம் மெஷின் நிற்கும், மறுபடி முதலிலிருந்து கிளப்ப வேண்டும். டரலுக்கு அது பொறுக்காது.

"நீ கதவைத் தொறந்து மூடுற நேரத்துல நான் இன்னொரு கடையே தொறந்துடுவேன் ட்ரயா," என்பான்.

ஒரு சனிக்கிழமை நான் வேலைக்கு வராத நேரம் பார்த்து, கடையில் கூட வேலை பார்த்த ஸ்பாஸேயை விட்டு அந்தச் சுவிட்சின்மேல் ஒரு காந்தத்தை ஒட்டவைத்தான். காந்தம் இருந்தால் கதவு மூடியே இருப்பதாக மெஷின் நம்பிக்கொள்ளும். எனக்கு யாரும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை, முதல் ஷீட். மெஷின் ஒரு சுற்று முடித்துப் பிட்டை மேலே தூக்கியது. காதில் அடைப்பான் போட்டிருந்தேன். கதவைத் திறந்தேன். நின்றபிறகும் பிட் சற்று நேரம் சுழன்றுதான் அடங்கும், அது வழக்கம். அப்படித்தான் சுழல்கிறது என்று நினைத்து, ஓரத்துச் சீவலை எடுக்கக் கையை விட்டேன். மெஷின் அடுத்த சுற்றுக்காகக் கீழே இறங்கியது.

மோதிர விரலும் சுண்டு விரலும். மருத்துவமனையில் ஒட்டப் பார்த்தார்கள், ஒட்டவில்லை.

விரல்கள் போனதைக்கூட எப்படியோ பொறுத்துக்கொண்டிருப்பேன். விசாரிக்க வந்த ஆய்வாளரிடம் டரல் சொன்னான், காந்தத்தை ஒட்டியது நானேதான் என்று. வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு வீட்டுக்கு ஓடுகிற சோம்பேறி, எத்தனையோ முறை கண்டித்தும் கேட்காதவள் என்று. சாட்சிக்கு ஸ்பாஸேயைக் கூப்பிட்டான். ஸ்பாஸே தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆமா, ட்ரயாதான் ஒட்டினா, நான் பார்த்தேன்," என்றான்.

ஸ்பாஸே யாரோ அல்ல. எனக்கு ஞானஸ்நானம் செய்தபோது ஞானத்தந்தையாக நின்றவர் அவனுடைய அப்பா டோமே. எங்கள் ஆட்களில் கூடப்பிறந்தவர்கள் அடித்துக்கொள்ளலாம், ஞான உறவு வீட்டாரோடு முகம் கோணக்கூடக் கூடாது. அந்த உறவுப் பெண்ணைக் 'குமா' என்று அழைப்போம். பேச்சு வந்த நாளிலிருந்து அவன் என்னை அப்படித்தான் கூப்பிட்டான். அந்த வாயால்தான் அதையும் சொன்னான்.

ஞானத்தந்தையின் மகனே சொன்ன பிறகு யார் என்னை நம்புவார்கள்? வொல்லொங்காங் வட்டாரத்தில் எந்தக் கடையிலும் எனக்கு வேலை கிடைக்கவில்லை. சுவிட்சைக் கட்டிப்போட்டவள் என்ற பெயர் எனக்கு முன்னே போய் நின்றது. மாதா கோயிலில் பெண்கள் என் கையைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்கள். என் அம்மாவே, கட்டு மாற்றும்போது, "நீ சின்னப் புள்ளையிலேர்ந்தே அவசரக்காரிடி," என்றாள். அந்தச் சொல்தான் காயத்தைவிட வெகுநாள் வலித்தது.

என் கணவன் பேரோ மட்டும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இரும்பாலையில் கிரேன் ஓட்டுகிறவன். மூடிப்போன ஒரு மரவேலைக் கடையிலிருந்து பழைய ரூட்டர் ஒன்றைப் பிடித்து, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து உனண்டெரா ஷெட்டில் இறக்கினான். டரல் செய்யாத வேலையாகப் பார்த்துப் பழகினேன். அப்படிக் கைக்கு வந்ததுதான் இந்த விளிம்பு வெளிச்ச வேலை.

கனத்த அக்ரிலிக் ஷீட்டின் பின்பக்கம், கூர்முனைப் பிட்டால் உருவத்தை இடவலம் மாற்றிக் கீற வேண்டும். ஷீட்டின் அடிவிளிம்பை மரக்கட்டைக்குள் நிறுத்தி, கட்டைக்குள்ளே எல்இடி பட்டை வைக்க வேண்டும். விளக்கு எரியாதபோது அது வெறும் கண்ணாடி. எரியவிட்டால், விளிம்பு வழியே ஏறுகிற வெளிச்சம் எங்கும் தங்காமல் ஓடி, கீறல்களில் மட்டும் இடறி வெளியே கொட்டும். வெற்றிடத்தில் ஓர் உருவம் எழுந்து நிற்கும். அந்த வித்தைக்காகத்தான் சிட்னியிலிருந்துகூட என்னைத் தேடி வந்தார்கள்.

அன்று சாப்பிடும்போது பேரோவிடம் ஆர்டரைப் பற்றிச் சொன்னேன்.

"வேண்டாம்னு சொல்லிடு," என்றான். "அந்த நாய் பேரை உன் கையால எழுதணுமா?"

"எழுதணும்."

மிளகாய்க் கூழைத் தடவிய ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "உன் மூஞ்சியே சரியில்ல. என்னமோ பண்ணப்போற."

என்ன செய்யப்போகிறேன் என்று சொன்னேன். அவன் ரொட்டியை எடுத்துக் கடித்தான்.

"நமக்கு டிக்கெட் குடுப்பாங்களா?"

"ரெண்டு."

"என் கோட்டு பத்தாதே. தொப்பை வந்துடுச்சு."

"பட்டனைப் போடாதே."

மறுநாள் ஷெட்டில் ஸ்கேனரின் கண்ணாடிமேல் என் இடது கையை விரித்து வைத்தேன். திரையில் அது பெரிதாக வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றியது. திருப்பவில்லை. உள்ளங்கை ரேகைகள், கட்டைவிரல் மேடு, இல்லாத இரண்டு விரல்களின் இடத்தில் மழுங்கிய முண்டுகள், தையல் போட்ட சுருக்கங்கள். ஒவ்வொன்றாகக் கோடு இழுத்தேன். க்ளெனிஸ் உயிரோட்டம் கேட்டிருந்தாளே, ரேகையைக்கூட விடவில்லை. அதற்குக் கீழே அவள் கொடுத்த வாசகம், ஒரு புள்ளி பிசகாமல்: பாதுகாப்பில் முதலிடம். அதற்கும் கீழே டரலின் பெயர்.

பிட்டைப் புதிதாக மாற்றினேன். மெதுவாகப் போனால் அக்ரிலிக் உருகும், வேகமாகப் போனால் ஓரம் சிதறும். அந்தத் துண்டுக்கு நான் எடுத்த சிரத்தை எந்தக் கோயில் வேலைக்கும் எடுத்ததில்லை. காற்றுக்குழாய் சீவலை ஊதித்தள்ள, முண்டுகளைச் சுற்றிப் பிட் மெல்ல வளைந்து போனதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். என் விரல்களை எடுத்துக்கொண்டது இதே மாதிரி ஒரு பிட்தான். இப்போது எனக்காக அவற்றின் இன்மையை எழுதிக்கொண்டிருந்தது.

கட்டையில் நிறுத்தி விளக்கைப் போட்டேன். நினைத்ததைவிட அழகாக இருந்தது. அவ்வளவு அழகாக அது இருந்ததில் எனக்குக் கோபம்கூட வந்தது. உடனே அணைத்துவிட்டு, சிராய்ப்புப் படாமலிருக்க இரு பக்கமும் பாதுகாப்புத் தாளை ஒட்டினேன்.

விழாவுக்கு முந்தைய வாரம், ஒரு மத்தியானம், ஸ்பாஸே வந்தான். அவன் இன்னும் டரலிடம்தான் வேலை செய்தான். தலை நரைக்க ஆரம்பித்திருந்தது.

"குமா."

"அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடாதே. வந்த விஷயத்தைச் சொல்லு."

"டரலோட விருதை நீதான் செய்றேன்னு கேள்விப்பட்டேன்."

"உன் முதலாளிக்கு அழகா வந்திருக்கான்னு பாக்க வந்தியா?"

"நீ செய்றேன்னு அவருக்குத் தெரியாது. நான் சொல்லல."

"ஏன் சொல்லல?"

"தெரியல." மேஜைமேல் வரிசையாக இருந்த விருதுகளைப் பார்த்தான். தாள் மூடிய சதுரங்கள். ஒன்றின்மேல் டரலின் பெயரைப் பென்சிலில் எழுதியிருந்தேன். தாளின் ஒரு மூலை பெயர்ந்திருந்தது. அங்கே விரலால் தடவிப் பார்த்தான். "ஒண்ணுமே தெரியலையே."

"வெளக்கு போட்டாத்தான் தெரியும்."

அவன் கையை இழுத்துக்கொண்டான். அப்புறம் தொண்டையைச் செருமினான்.

"அன்னிக்கு டரல் சொன்னார், ஒட்டினது நான்னு தெரிஞ்சா என்னைத்தான் உள்ள தள்ளுவாங்கன்னு. வீட்டுல லிடியா அப்போ மாசமா இருந்தா. பயந்துட்டேன் ட்ரயா."

"பயந்தவன் வாயை மூடிட்டு நிப்பான். நீ வாயைத் தொறந்த."

"தப்புதான். மன்னிச்சிடுன்னு கேக்கத்தான் வந்தேன்."

"இங்க யாரு இருக்கா ஸ்பாஸே? நீ, நான், இந்த மெஷின். பொய்யை ஊருக்கே கேக்கச் சொன்ன. மன்னிப்பை மட்டும் என் காதுல வந்து சொல்றியா?"

"எல்லார் முன்னாடியும் சொன்னா என் வேலை போயிடும்."

"என் வேலை போச்சே."

அவன் திரும்பி நடந்தான். வாசலைத் தாண்டிப் போகும்போது அவன் முதுகு கூனியிருந்தது. சிறுவயதில் என் பின்னாலேயே கடற்கரைக்கு ஓடிவந்த முதுகு அது. இரக்கம் எட்டிப் பார்த்தது. அதை நான் அண்டவிடவில்லை. தாளின் பெயர்ந்த மூலையை அழுத்தி ஒட்டிவிட்டு, அடுத்த ஷீட்டை மெஷினில் ஏற்றினேன்.

விழா வாராவாங் கிளப் மண்டபத்தில். விருதுகளை நானே கொண்டுபோய் மேடையில் அடுக்கினேன். தாளை உரித்து, துடைத்து, கட்டைகளில் நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஒயரைச் சரிபார்த்தேன். விளக்கில்லாமல் எல்லாம் தண்ணீர்த் துண்டுகள்போல நின்றன. வெற்றி பெற்றவர் தன் விருதின் சுவிட்சைத் தானே போட வேண்டும் என்பது க்ளெனிஸின் ஏற்பாடு. பச்சைப் பட்டு உடுத்தி, முகமெல்லாம் சிரிப்பாக அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தபோது மட்டும்தான் எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

டரல் என்னைப் பார்த்துவிட்டான். பியர் கோப்பையோடு எங்கள் மேஜைக்கே வந்தான்.

"ட்ரயா! எவ்வளவு நாளாச்சு! கை எப்படி இருக்கு?"

"இருக்கிற வரைக்கும் நல்லா இருக்கு."

"இதெல்லாம் நீ செஞ்சதாமே? இப்பத்தான் சொன்னாங்க. பரவாயில்லையே!" பேரோவின் தோளைத் தட்டினான். "பொண்டாட்டிய நல்லா வேலை வாங்குற, நண்பா."

பேரோ அவனுடைய கோப்பையைப் பார்த்தான், பிறகு அவனுடைய பல்லைப் பார்த்தான். நான் மேஜைக்கடியில் பேரோவின் காலை மிதித்தேன்.

"மனசுல ஒண்ணும் வெச்சுக்காதே ட்ரயா," என்று டரல் குனிந்து சொன்னான். "நடந்தது நடந்துபோச்சு."

"மேடைக்குப் போ டரல். கூப்பிடப்போறாங்க."

கோப்பை மின்னியது. கதிர் மின்னியது. ஒவ்வொன்றுக்கும் மண்டபம் 'ஓ' என்றது. பாதுகாப்பு விருது கடைசியில். டரல் ஏறினான். சுவிட்சைப் போடுவதற்கு முன் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டான். கூட்டத்தைக் கண்டால் விடமாட்டான்.

"என் கடையில வேலை பாக்குறவங்க என் குடும்பம்," என்றான். "அவங்க காலையில எப்படி வந்தாங்களோ அப்படியே முழுசா வீட்டுக்குப் போகணும். எங்க கடையிலயும் ஒருதடவை ஒரு துரதிர்ஷ்டம் நடந்துச்சு. பேர் சொல்ல வேண்டாம். தன் அவசரத்துக்குப் பாதுகாப்புச் சுவிட்சையே ஏமாத்தினவங்க ஒருத்தங்க. அதுல நான் ஒரு பாடம் கத்துக்கிட்டேன். எவ்வளவு நல்லது சொன்னாலும் சிலரைக் காப்பாத்த முடியாது."

சிலர் பரிதாபமாக உச்சுக்கொட்டினார்கள். எங்கள் பக்கத்து மேஜையில் இருந்த கிரிங்கிலாக்காரர்கள் என்னைத் திரும்பிப் பார்க்காமலிருக்கப் பாடுபட்டார்கள். அந்த நொடி வரை எனக்குள் எங்கோ ஒரு தயக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் அதையும் பிடுங்கிப் போட்டுவிட்டான்.

சுவிட்சைப் போட்டுவிட்டு, விருதுக்குப் பின்னால் நின்று இரண்டு கைகளையும் விரித்தான்.

வெள்ளை வெளிச்சத்தில் என் கை எழுந்தது. மூன்று விரல்கள், இரண்டு முண்டுகள், தையல் சுருக்கங்கள். கீழே, பாதுகாப்பில் முதலிடம், டரல்.

முதலில் கைதட்டல் ஆரம்பித்தது. பிறகு முன்வரிசையிலிருந்து ஒவ்வொரு மேஜையாக அது அடங்கியது. டரல் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தான். பின்னாலிருந்து குடித்த குரல் ஒன்று கத்தியது: "டரல், உன் கையில ரெண்டு விரல் கொறையுதே! யாரு தின்னுட்டா?"

சிரிப்பலை ஒன்று கிளம்பியது. அப்போதுதான் டரல் குனிந்து பார்த்தான். அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. அவன் முகம் வெளிறிப்போனதை நான் இருந்த இடத்திலிருந்தே பார்த்தேன். அத்தனை வருடங்கள் நான் காத்திருந்தது அந்த முகத்தைப் பார்க்கத்தான். பார்த்தேன். வயிறு நிறைந்ததுபோல இருந்தது.

நான் எழுந்து நின்றேன். மேஜைக்கடியிலிருந்து இடது கையை எடுத்து, தலைக்குமேல் விரித்துப் பிடித்தேன்.

சிரிப்பு நின்றது. யாரோ ஒரு பெண், "ஐயோ, அது அவங்க கை," என்றாள்.

டரல் ஒலிபெருக்கியை இறுக்கிப் பிடித்தான். "இதோ பாருங்க, இதுதான் இவ புத்தி. தானே செஞ்ச தப்புக்கு இன்னொருத்தர் மேல பழி. விசாரணை நடந்து முடிஞ்ச விஷயம் இது. சாட்சி இருக்கு. அவன் இங்கதான் உக்காந்திருக்கான். ஸ்பாஸே! எந்திரி. யாரு காந்தத்தை ஒட்டினதுன்னு சொல்லு."

மண்டபமே டரல் கடை மேஜைப் பக்கம் திரும்பியது. ஸ்பாஸே எழுந்தான். நாப்கினைக் கையில் பிசைந்துகொண்டு நின்றான்.

"சொல்லுடா!" என்றான் டரல், நாயை அதட்டுவதுபோல.

ஸ்பாஸேயின் உதடு அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

"என்ன சொன்னான்?" என்று நாலைந்து பேர் ஒரே சமயத்தில் கேட்டார்கள். "சத்தமாச் சொல்லுப்பா!"

அவன் மேடையைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தான். நான் அதைக் கீழே இறக்கவில்லை.

"நான்தான் ஒட்டினேன்," என்று உரக்கச் சொன்னான். குரல் உடைந்திருந்தது. "டரல் ஒட்டச் சொன்னார். ட்ரயாவுக்குத் தெரியாது. அவ அன்னிக்கு லீவு. அவமேல போடச் சொன்னதும் அவர்தான். நான் பொய் சொன்னேன்."

டரல் ஏதோ பேச வாயெடுத்தான். ஒலிபெருக்கியை யாரோ அணைத்துவிட்டார்கள். உதடுகள் மட்டும் அசைய அவன் மேடையில் நின்றான். அவனுக்குப் பக்கத்தில் என் கை ஒளிர்ந்துகொண்டே இருந்தது, அதை அணைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

பேரோ என் கோட்டை எடுத்துக் கொடுத்தான். "போலாமா, இல்ல இன்னும் பாக்கணுமா?"

"இன்னும் கொஞ்சம் பாக்கணும்," என்றேன். டரல் மேடையை விட்டு இறங்கி, யாரும் வழிவிடாத மேஜைகளுக்கு இடையே உரசிக்கொண்டு வெளியே போகும்வரை பார்த்தேன்.

க்ளெனிஸ் வாசலில் என்னை மறித்தாள். கண் மை கலைந்திருந்தது.

"என்னை ஏமாத்திட்டீங்க. நான் உங்கள நம்பித்தானே விட்டேன்? என் விழாவை உங்க பழிக்கு மேடையா ஆக்கிட்டீங்க."

"ஆமா," என்றேன். "உங்ககிட்ட மட்டும் மன்னிப்பு கேக்குறேன். வேற யார்கிட்டயும் இல்ல."

அவள் மன்னிக்கவில்லை. சங்கத்திலிருந்து அதன்பிறகு ஓர் ஆர்டர்கூட வரவில்லை. அதில் அவள்மேல் எனக்குக் குறையில்லை.

மறுநாள் அம்மா போன் செய்தாள். கோயில் பெண்கள் அதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தார்கள்.

"ஏன்டி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல, நீ ஒட்டலைன்னு?"

"சொன்னேம்மா. நீதான் கேக்கல."

அந்தப் பக்கம் அம்மா அழுதாள். நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டேன். தடுக்கவில்லை.

விசாரணை மறுபடி தொடங்கியது. டரல் கடைசிவரை மறுத்தான். ஆனால் அவனிடம் வேலை பார்த்த இன்னும் இருவருக்கு அப்போது சாட்சி சொல்லத் தைரியம் வந்துவிட்டது. நீதிமன்றத்தில் அவன் தலைகுனிந்து நின்றபோது, முதல் வரிசையில் அவன் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். தீர்ப்புக்குப் பிறகு கடையை விற்றுவிட்டு வடக்கே குயின்ஸ்லாந்துக்குப் போய்விட்டான். பொய்ச்சாட்சி சொன்னதற்கு ஸ்பாஸேக்கும் தண்டனை கிடைத்தது. சிறைக்கு அனுப்பவில்லை, ஆனால் எந்தச் சைன்போர்டு கடையும் அவனை உள்ளே விடவில்லை. அந்தக் கதவுகள் மூடும் சத்தம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அவனுடைய அப்பா டோமே என் வீட்டுக்கு வந்தார். என் இடது கையை இரண்டு கைகளாலும் பிடித்து நெற்றியில் வைத்துக்கொண்டு நின்றார். அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. உட்காரவைத்துச் சாப்பாடு போட்டேன். மகனைப் பற்றிப் பேச வாயெடுத்தபோது மட்டும், "அதை விடுங்க, இன்னொரு துண்டு எடுத்துக்குங்க," என்றேன். அவர் புரிந்துகொண்டார்.

ஸ்பாஸே இப்போது அக்ரிலிக் ஷீட் கொண்டுவரும் லாரியை ஓட்டுகிறான். சிட்னியிலிருந்து வரும் சரக்கில் என் ஷெட்டும் ஒரு நிறுத்தம். முதல் தடவை வந்தபோது, இறக்கட்டுமா என்று கண்ணாலேயே கேட்டான். சுவரைக் காட்டினேன். ஷீட்டுகளை ஒவ்வொன்றாக, மூலை இடிக்காமல் சாய்த்து வைத்தான். ரசீதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவ்வளவுதான்.

எங்கள் ஆட்களில் வீட்டு வாசலை மிதித்தவருக்குக் காப்பி கொடுக்காமல் அனுப்புவது, முகத்தில் துப்புவதற்குச் சமம். வழி கேட்க வந்தவனுக்குக்கூடக் கொடுப்போம். ஸ்பாஸேக்கும் அது தெரியும்.

"போதும் ட்ரயா," என்றான் பேரோ ஒருநாள். "அவன்தான் எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிட்டானே. ஒரு கப் காப்பி."

"உனக்கு மனசிருந்தா உன் வீட்டுல கூப்பிட்டுக் குடு."

"உன் வீடும் அதுதானே?"

"அப்ப வேண்டாம்."

போன கோடையில் ஒரு நாள் வெயில் தகரத்தை உருக்கிக்கொண்டிருந்தது. ஷீட்டுகளை இறக்கி முடித்துவிட்டு, வெளியே தோட்டத்துக் குழாயில் வாயை வைத்துத் தண்ணீர் குடித்தான் ஸ்பாஸே. நான் உள்ளே அடுப்பைப் பற்றவைத்து, நீளப்பிடிக் கிண்ணியில் காப்பிப்பொடியைக் கொதிக்கவிட்டேன். மணம் ஷெட் முழுக்கப் பரவி வாசலுக்கும் போனது. அவன் லாரிக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினான், அவிழ்த்து மறுபடி கட்டினான்.

நான் ஒரு கோப்பையை மட்டும் எடுத்து ஊற்றி, வாசலைப் பார்த்து உட்கார்ந்து நிதானமாகக் குடித்தேன்.